தாளம் தப்பியது யார்?

மக்களே, உங்க ஹாஸ்டல்ல இப்படி ஒரு ஆள் கண்டிப்பா இருப்பார். பாத்ரூம்ல பாடினா மூணு மாடிக்கும் கேட்கும். மெஸ் டேபிள்ல தாளம் போட்டா, சாம்பார் ஊத்த வந்த அண்ணன்கூட ரெண்டு செகண்டு நின்னு தலையாட்டிட்டுப் போவார். ஆனா அதே ஆளை லேப்டாப் முன்னாடி உட்காரவெச்சு, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, ‘ம்... ஆரம்பி’ன்னா... சொதப்பல் திலகம்!

எங்க ரூம்ல அந்த ஆள் என் ரூம்மேட். ஃபைனல் இயர்ல டிபார்ட்மென்ட் சார்பா ஒரு குறும்படம் எடுத்தோம். டைட்டில் பாட்டுக்கு ஜூனியர் பையன் கிடார் வாசிச்சுக் கொடுத்துட்டான். அதுக்கு மேல நம்மாளு பாடணும், கஞ்சிராவும் வாசிக்கணும். ரெக்கார்டிங் இன்ஜினீயர்? சாட்சாத் அடியேன்தான். தகுதி: லேப்டாப் என்னோடது!

ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சது ரெண்டரை வரைக்கும் போச்சு. இருபத்துமூணு டேக். ஒவ்வொண்ணையும் ஓடவிட்டுக் கேட்டா, கிடார் முன்னாடி ஜாலியா போகும்... நம்மாளு பின்னாடி மூச்சிரைக்க ஓடி வருவான். கொஞ்சம் முந்திப் பாடிப் பார்த்தான். கண்ணை மூடிக்கிட்டுப் பாடிப் பார்த்தான். பல்லவியிலேயே நாக்கு குழறிச்சு. கடைசியில நான்தான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க வாக்கியத்தைச் சொன்னேன்: “மச்சி, உனக்குத் தாளமே நிக்கல. விட்ரு.”

அவன் ஒண்ணும் பேசல. ஹெட்ஃபோனைக் கழட்டிக் கட்டில் மேல வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டான். மறுநாள் வேற ஒருத்தன் பாட, கிடாரையும் பக்கத்துலயே உட்காரவெச்சு, செல்போன்ல பிடிச்சு வேலையை முடிச்சோம். அதுக்கப்புறம் மைக் பக்கமே அவன் வரல. பாத்ரூம்லகூடப் பாட்டுச் சத்தம் நின்னுபோச்சு.

ரெண்டு வருஷம் கழிச்சு, வேலைக்குப் போன காசுல ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினேன். மைக், கிடார் சத்தத்தை எல்லாம் யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்குள்ள அனுப்புற சின்ன டப்பா அது. அதைச் சோதிக்கிற முறையைப் படிச்சப்போ, சும்மா பழைய லேப்டாப்லயும் செஞ்சு பார்த்தேன். மெட்ரோனோமை ‘டிக்... டிக்...’னு ஓடவிட்டு, ஹெட்ஃபோனை மைக் மேல ஒட்டவெச்சு, அந்த டிக்கையே திரும்ப ரெக்கார்ட் பண்றது. ரெண்டு ட்ராக்கையும் ஜூம் பண்ணிப் பார்த்தா... திரும்பி வந்த டிக், கிளம்பின டிக்கைவிட 180 மில்லிசெகண்டு லேட்!

மெட்ரோனோமுக்கு மூட் அவுட் கிடையாது. தூக்கக் கலக்கம் கிடையாது. அதுவே எங்க லேப்டாப்ல தாளம் தப்பியிருக்கு! இருபத்துமூணு டேக்கும் கண்ணு முன்னாடி வந்து போச்சு.

இந்த வாரக் கட்டுரை அதுக்கான பிராயச்சித்தம்.

அறுபது மீட்டர் தள்ளி ஒரு குரல்

180 மில்லிசெகண்டுன்னா எவ்ளோ? கண் சிமிட்டுற நேரம்தானேன்னு தோணும். கணக்குப் போடுங்க. சத்தம் காத்துல செகண்டுக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அப்படின்னா ஒரு மில்லிசெகண்டுக்கு 34 சென்டிமீட்டர். கச்சேரி மேடையில பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவுல ஒண்ணரை மீட்டர் இருந்தா அங்கேயே 4 மில்லிசெகண்டு தாமதம் உண்டு. யாருக்கும் தெரியாது. 10 வரைக்கும் பெரும்பாலானவங்க சமாளிச்சுடுவாங்க. 180? அறுபது மீட்டருக்கும் மேல! உங்க குரல் உங்க தொண்டையில இருந்து வராம, கிரவுண்டோட பவுண்டரி லைன்ல வெச்ச ஸ்பீக்கர்ல இருந்து வர்ற மாதிரி.

தாளக் கணக்குலயும் பாருங்க. நிமிஷத்துக்கு 120 அடி வேகத்துல போற பாட்டுல ஒரு அடிக்கு 500 மில்லிசெகண்டு. அதை ‘தகதிமி’ன்னு நாலாப் பிரிச்சா ஒவ்வொரு எழுத்துக்கும் 125. நீங்க ‘த’வுல கரெக்டா அடிச்சது ரெக்கார்டிங்ல ‘க’வைத் தாண்டி, ‘தி’ வர்றதுக்கு முன்னாடி நட்டாத்துல போய் விழும். எந்த வித்வானா இருந்தாலும் இதே கதிதான்.

இன்னொரு கொடுமையும் இருக்கு. ஒருத்தர் பேசுறதையே கொஞ்சம் தாமதப்படுத்தி அவர் காதுக்குத் திருப்பிக் கொடுத்தா, சரளமா பேசுறவங்களே திக்க ஆரம்பிச்சுடுவாங்கன்னு பெர்னார்ட் லீ என்கிற ஆராய்ச்சியாளர் 1950-லேயே எழுதிட்டார். 200 மில்லிசெகண்டு பக்கம் போறப்போதான் குழப்பம் உச்சத்துக்குப் போகும்னு பின்னாடி வந்த சோதனைகள் காட்டிச்சு. என் ரூம்மேட் தன் குரலை ஹெட்ஃபோன் வழியா கேட்டுக்கிட்டுத்தான் பாடினான். நாக்கு குழறினது ஏன்னு இப்ப புரியுதா?

சாம்பார் வாளி தத்துவம்

தாமதம் எங்கிருந்து வருது? நம்ம மெஸ்ஸுக்கே போவோம்.

கம்ப்யூட்டர் சத்தத்தைத் துளித்துளியா வெட்டித்தான் எடுத்துக்கும். செகண்டுக்கு 48,000 துளி. ஒவ்வொரு துளியையும் தனித்தனியா தூக்கிட்டு ஓட முடியாது. அதனால ஒரு வாளியில பிடிச்சு, ரொம்பினதும் கொண்டுபோய் ஊத்தும். அந்த வாளிதான் பஃபர்.

வாளி பெரிசா இருந்தா பரிமாறுற அண்ணனுக்கு நிம்மதி. ஆனா ரொம்புறதுக்கு நேரமாகும். 1024 துளி பிடிக்கிற வாளின்னா 21.3 மில்லிசெகண்டு. 256-னா 5.3. 128-னா 2.7. 64-னா வெறும் 1.3. இது ஒரு வாளிக் கணக்கு. உள்ளே வர ஒண்ணு, வெளியே போக ஒண்ணு, நடுவுல டிரைவர்கள் வெச்சிருக்கிற அண்டா குண்டா எல்லாம் சேர்த்தா சுலபமா நூறைத் தாண்டும்.

அப்ப வாளியைச் சின்னதாக்கிட வேண்டியதுதானே? அங்கதான் சிக்கல். சின்ன வாளின்னா அண்ணன் ஓடிக்கிட்டே இருக்கணும். நடுவுல வார்டன் கூப்பிட்டார், வாசல்ல பால்காரர் வந்தார்னு ஒரு நிமிஷம் அசந்தா, பந்தியில இலை காலி! ரெக்கார்டிங்ல ‘டப்... கிரிச்...’னு கேட்குதே, அது இந்தக் காலி இலைச் சத்தம்தான்.

உங்க கம்ப்யூட்டர்ல வார்டன் யாரு, பால்காரர் யாரு? வை-ஃபை, ஆன்டிவைரஸ், பின்னாடி சத்தமில்லாம இறங்குற அப்டேட், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு பிராசஸரைத் தூங்கவைக்கிற பவர் செட்டிங். ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் எல்லாரையும் சமமா கவனிக்கத்தான் பழகியிருக்கு. ஆடியோவுக்கு மட்டும் ‘இவர் கூப்பிட்டா உடனே போ’ன்னு நாமதான் சொல்லிக்கொடுக்கணும்.

கவனிங்க பாஸ், வேகம் வேற, நேரத்துக்கு வர்றது வேற. ஆடியோவுக்கு வேண்டியது ரெண்டாவது. புத்தம்புது லேப்டாப்பும் வாளியைக் கீழே போடும். ஏழு வருஷப் பழசும் ஒழுங்கா டியூன் பண்ணினா பந்தியை முடிச்சுக் கொடுக்கும். அதனால, ‘அப்பா, ரெக்கார்டிங்குக்குப் புது லேப்டாப் வேணும்’னு வீட்டுக்கு போன் போடுறதுக்கு முன்னாடி மிச்சத்தையும் படிச்சிடுங்க.

முதல்ல அளந்து பாருங்க

புளூடூத் ஹெட்செட்டைக் கழட்டி வைங்க. அது ஒண்ணே நூறு, இருநூறு மில்லிசெகண்டு சாப்பிடும். வயர் வெச்ச ஹெட்ஃபோன்தான் இந்த வேலைக்கு.

அப்புறம் நான் மேலே சொன்ன டிக் டெஸ்ட். இலவசமா கிடைக்கிற ஆடாசிட்டி போதும். அதோட செட்டிங்ஸ்ல ‘லேட்டன்ஸி காம்பன்ஸேஷன்’னு ஒரு கட்டம் உண்டு. அதுல மைனஸ் 130 மில்லிசெகண்டுன்னு ஏற்கெனவே போட்டிருக்கும். பார்த்தீங்களா, அந்த ஸாஃப்ட்வேரே ‘எப்படியும் லேட்டாகும்’னு எதிர்பார்த்துத்தான் வந்திருக்கு! அதை 0 ஆக்கிட்டு, டிக் ட்ராக்கை ஓடவிட்டு, ஹெட்ஃபோன் சத்தத்தை மைக்ல பிடிங்க. ரெண்டு டிக்குக்கும் நடுவுல உள்ள இடைவெளியை அளந்து, முன்னாடி மைனஸ் போட்டு அந்தக் கட்டத்துல எழுதுங்க. திரும்ப ஒரு டெஸ்ட். ரெண்டும் நேர்க்கோட்டுல நின்னா, இனி நீங்க மேலே பாடுற ட்ராக் சரியான இடத்துல போய் உட்காரும்.

இது முடிஞ்சுபோன ரெக்கார்டிங்கைத் தள்ளிவைக்கிற வேலை. பாடும்போது காதுல கேட்கிற தாமதம் இதனால போகாது. அதுக்கு இன்டர்ஃபேஸ்ல ‘டைரக்ட் மானிட்டர்’ பட்டன் இருந்தா அழுத்துங்க. குரல் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்தாம நேரா காதுக்கு வந்துடும். பட்டன் இல்லையா? ஸாஃப்ட்வேர்ல உங்க குரலை நிறுத்திட்டு, ஹெட்ஃபோனை ஒரு காதுல மட்டும் மாட்டிக்கிட்டுப் பாடுங்க. பெரிய ஸ்டூடியோக்கள்லயே பாடகர்கள் செய்யுறதுதான். செலவு: பூஜ்யம்.

(அன்னிக்கு ராத்திரி ஒரு காதைக் கழட்டச் சொல்லியிருந்தா போதும். ம்ஹும்... விடுங்க.)

கீபோர்டு வாசிச்சு கம்ப்யூட்டர்ல இருந்து பியானோ சத்தம் வரணும், கிடாருக்கு ஸாஃப்ட்வேர்ல எஃபெக்ட் போடணும்னா இந்தக் குறுக்கு வழி உதவாது. வாளியைச் சின்னதாக்கித்தான் ஆகணும். வாங்க.

விண்டோஸ்வாசிகளுக்கு

ஒண்ணு: ஆடாசிட்டியில ‘ஆடியோ ஹோஸ்ட்’ எம்எம்ஈன்னு இருந்தா வாசாபிக்கு மாத்துங்க. எம்எம்ஈ 1991-ல பிறந்த வழி. பாவம், வயசாச்சு.

ரெண்டு: க்யூபேஸ், எஃப்எல் ஸ்டூடியோ, ரீப்பர் மாதிரி ஸாஃப்ட்வேர் வெச்சிருக்கீங்களா? ஆசியோ டிரைவரைத் தேர்ந்தெடுங்க. க்யூபேஸைச் செய்யுற ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் கம்பெனி 1997-ல கொண்டுவந்தது. நடுவுல இருக்கிற அண்டா குண்டாவை எல்லாம் தாண்டி நேரா கார்டுகிட்ட பேசும். இன்டர்ஃபேஸ் வாங்கினா அதைச் செஞ்ச கம்பெனியோட ஆசியோ டிரைவரையே போடுங்க. இன்டர்ஃபேஸே இல்லைன்னா ஆசியோ ஃபோர் ஆல் என்ற இலவச டிரைவர் இருக்கு. பஃபரை 256-ல ஆரம்பிச்சு, சத்தம் உடையாத வரைக்கும் 128-க்கு இறக்கிப் பாருங்க.

மூணு: பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ல வைங்க. சார்ஜரைச் சொருகுங்க. பிராசஸர் குட்டித் தூக்கம் போட்டு எழுந்து வர்ற நேரத்துலதான் வாளி கவிழும். ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ என்பதையும் அணைச்சுடுங்க. சார்ஜர் போட்டதும் ‘கொய்ங்ங்...’னு சத்தம் வந்தா லேப்டாப்பைத் திட்டாதீங்க. பெரும்பாலும் பிளக் பாயின்ட்ல எர்த் இல்லாத கோளாறு. ஒழுங்கா எர்த் இருக்கிற மூணு பின் பாயின்டுக்கு மாறுங்க.

நாலு: லேட்டன்ஸிமான்னு ஒரு குட்டி ஸாஃப்ட்வேர். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசஸரைப் பிடிச்சுவெச்சுக்கிட்டு விட மாட்டேங்குதுன்னு பேரோட போட்டுக் கொடுக்கும் (நல்ல கோள்மூட்டி!). பத்து நிமிஷம் ஓடவிடுங்க. அப்புறம் வை-ஃபையை அணைச்சுட்டு இன்னொரு பத்து நிமிஷம். ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தா குற்றவாளி மாட்டினார். ரெக்கார்டிங் முடியுற வரைக்கும் நெட்டுக்கு லீவு.

அஞ்சு: சவுண்ட் செட்டிங்ஸ்ல ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. ஸாம்பிள் ரேட் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்கட்டும். ஒரு இடத்துல 44,100, இன்னொரு இடத்துல 48,000-னு இருந்தா நடுவுல மாத்துற வேலை வேற சேரும். படத்துக்கான வேலைன்னா 48,000.

மேக் வெச்சிருக்கிற புண்ணியவான்களே, ‘கோர் ஆடியோ’ கூடவே வருது. தனியா டிரைவர் தேடுற வேலை பெரும்பாலும் இல்லை. ஸாஃப்ட்வேருக்குள்ள பஃபரை இறக்குங்க, போதும்.

பழைய லேப்டாப்புக்குப் பென்குயின்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. 11-ஐ ஏத்திக்க முடியாத லேப்டாப்கள் எத்தனையோ ரூம்ல கட்டிலுக்கடியில கிடக்கு. அதுக்கெல்லாம் லினக்ஸ்னு ஒரு மறுபிறவி இருக்கு.

லினக்ஸ்ல ஆடியோன்னா ஒரு காலத்துல தலைவலி. சத்தம் வர்றதே அதிர்ஷ்டம்! 2002-ல பால் டேவிஸ் ‘ஜாக்’ என்பதைக் கொண்டுவந்து, குறைஞ்ச தாமதத்துல ஒரு ஸாஃப்ட்வேர்ல இருந்து இன்னொண்ணுக்கு ஆடியோவை அனுப்ப வழி பண்ணினார். ஆனா அதை இயக்கத் தனிப் பொறுமை வேணும். ஜாக்கைப் போட்டா பிரவுஸர்ல சத்தம் வராது, பிரவுஸர்ல வந்தா ஜாக் முறைச்சுக்கும். இந்த மாமியார் - மருமகள் சண்டையைத் தீர்த்துவெச்சது விம் டேமன்ஸ் எழுதிய ‘பைப்வயர்’. 2023-ல அதோட 1.0 வந்தது. இப்ப ரெண்டும் ஒரே வீட்டுல குடித்தனம். பைப்வயர்ல வாளிக்குப் பேரு ‘குவான்டம்’.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. அவசர வேலை வந்தா லினக்ஸ் கர்னல் தான் செய்யுற வேலையையே பாதியில விட்டுட்டு ஓடி வரணும்னு, 2004 வாக்குல சிலர் மாற்றங்கள் எழுத ஆரம்பிச்சாங்க. அந்த ‘ரியல்டைம்’ வேலை துண்டு துண்டா உள்ளே போய், கடைசியா 2024 நவம்பர்ல வந்த 6.12 கர்னல்லதான் முழுசா சேர்ந்தது. இருபது வருஷம்! நம்ம ஊர் மேம்பால கான்ட்ராக்டரே ‘கொஞ்சம் ஓவர்’னு சொல்லியிருப்பார். ஆனா ஹாஸ்டல் ரெக்கார்டிங்குக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். சாதாரண கர்னலையே குறைஞ்ச தாமதத்துக்குத் திருப்பிவெச்சா போதும்.

அதையெல்லாம் முன்கூட்டியே செஞ்சுவெச்சதுதான் உபுண்டு ஸ்டூடியோ. 2007-ல இருந்து வருது, இலவசம். 16 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தி, ஹார்டு டிஸ்க்கைத் தொடாம அதுல இருந்தே பூட் பண்ணி ஓட்டிப் பார்க்கலாம். ஆர்டோர் என்ற ரெக்கார்டிங் ஸாஃப்ட்வேர் கூடவே வரும். அதுல ‘அல்சா’வைத் தேர்ந்தெடுத்தா ஸாம்பிள் ரேட்டையும் பஃபரையும் அங்கேயே கேட்கும். வேற லினக்ஸ் போட்டவங்க மூணு விஷயத்தைப் பாருங்க: உங்க யூஸர் பேரு ‘ஆடியோ’ க்ரூப்ல இருக்கா, அந்த க்ரூப்புக்கு ரியல்டைம் முன்னுரிமை கொடுத்திருக்கா, பிராசஸர் ‘பெர்ஃபார்மன்ஸ்’ல ஓடுதா. பந்தியில முதல் வரிசைக்கு பாஸ் வாங்குற மாதிரிதான்!

ஒரு எச்சரிக்கை: விண்டோஸுக்குன்னு வாங்கின ப்ளக்-இன்கள் பல இதுல ஓடாது. தனி டிரைவர் கேட்காத யூஎஸ்பி இன்டர்ஃபேஸ்தான் சட்டுனு வேலை செய்யும். பென்டிரைவ்ல பார்த்துட்டு முடிவெடுங்க.

செய்யக் கூடாதது

* கல்ச்சுரல்ஸுக்கு முந்தின நாள் அப்டேட் பண்ணாதீங்க. நல்லா ஓடுற சிஸ்டத்தைத் தொட்டவன் கெட்டான்.

* ‘ஒரே கிளிக்ல ஸ்பீடு’னு வர்ற பூஸ்டர், கிளீனர் எதையும் போடாதீங்க. அதுவும் இன்னொரு பால்காரர்தான்.

* எப்பவும் சின்ன வாளிதான் கெத்துன்னு நினைக்காதீங்க. பாடும்போது 128. எல்லாம் முடிஞ்சு மிக்ஸிங் பண்றப்போ 1024. அப்ப யாரும் பாடலை, லேட்டானா யாருக்கு நஷ்டம்?

* ஒரு நேரத்துல ஒரே ஒரு செட்டிங்கை மாத்துங்க. மாத்தினதும் டிக் டெஸ்ட். நம்பரை நோட்ல எழுதுங்க.

நானும் அப்படித்தான் எழுதினேன். அதே பழைய லேப்டாப், புது இன்டர்ஃபேஸ், சரியான டிரைவர், 128 பஃபர். 180 இருந்தது 12 ஆச்சு. அறுபது மீட்டர் தள்ளி நின்ன குரல் நாலு மீட்டருக்கு வந்துடுச்சு.

அன்னிக்கு ராத்திரியே ரூம்மேட்டுக்கு போன் பண்ணினேன். இப்ப ஓசூர்ல வேலை பார்க்கிறான். “மச்சி, அந்த இருபத்துமூணு டேக்ல நீ தாளம் தப்பவே இல்லடா. லேப்டாப்தான்”னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிடுச்சோன்னு நினைச்சேன். அப்புறம், “இதைக் கண்டுபிடிக்க உனக்கு ரெண்டு வருஷமாடா?”ன்னு மட்டும் கேட்டான். பதில் சொல்லத் தெரியல. அந்த கிடார் ட்ராக்கை அனுப்பி, ‘ஒரு காதைக் கழட்டிட்டுப் பாடு’ன்னு எழுதியிருக்கேன்.

இன்னும் வரல. காத்துக்கிட்டிருக்கேன்... இந்தத் தாமதத்தை அளக்க மட்டும் எந்த ஸாஃப்ட்வேரும் இல்லை.

உங்க ரூம்லயும் ஹெட்ஃபோனைக் கழட்டிவெச்சுட்டு யாராவது படுத்திருந்தா, முதல்ல எழுப்புங்க. ஒரு டிக் டெஸ்ட்டுக்குப் பத்து நிமிஷம்தான் ஆகும்.

அடுத்த வாரம்: ஹாஸ்டல் ரூம் எதிரொலியைப் போர்வையும் மெத்தையும் வெச்சு அடக்குவது எப்படி? அதுவரைக்கும்... டிக்... டிக்... டிக்!